டாப்சிலிப்: நிழலின் கணக்கு



விடுமுறை வந்தாலே எங்கள் வகுப்பில் முதலில் அடிபடுகிற பெயர் டாப்சிலிப். ஊட்டி, கொடைக்கானல் என்றால் கூட்டம், ஹாரன் சத்தம். டாப்சிலிப்பில் அந்தத் தொல்லை குறைவு. பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக ஏறினால் சோதனைச்சாவடிக்கு அப்புறம் காடுதான். நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. புலிகள் காப்பகம் என்பதால் வனத்துறை விடுதிகளில்தான் தங்க வேண்டும். ஒரு ராத்திரி தங்கிவிட்டுக் காலையில் கதவைத் திறந்தால் புல்வெளியில் மான்கள் மேயும். சுற்றிலும் உயர உயரமாய்த் தேக்கு மரங்கள், நிழல், அமைதி. போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இயற்கைன்னா இதுதான்டா இயற்கை!"

அந்த வார்த்தையைத்தான் இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்கப் போகிறேன். பி.காம். படிக்கிறவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பீர்கள்? :) டாப்சிலிப்பில் இயற்கை என்று நினைத்து நாம் உட்காருகிற தேக்கு நிழலில் பெரும்பகுதி, வெட்டித் தள்ளிய காட்டில் ஆட்கள் மறுபடி உண்டாக்கியது. அதற்கு ஒரு வரவு செலவு உண்டு. அந்தப் பேரேட்டில் ஏறாத பெயர்களும் உண்டு. வாருங்கள், முதல் பக்கத்திலிருந்து புரட்டுவோம்.

கேம்ப் என்றால் என்ன?

முதலில் இந்த 'கேம்ப்' என்ற சொல். நம் ஊரில் இது உல்லாசப் பயணத்துக்கு வந்து சேர்ந்தது பிற்பாடுதான். அதற்கு முன் அது சர்க்கார் சொல். "ஐயா கேம்ப் போயிருக்காங்க" என்று தாலுகா ஆபீஸில் இன்றைக்கும் சொல்கிறார்கள் அல்லவா? வெள்ளைக்காரர் காலத்தில் கலெக்டர்கள் ஊர் ஊராகப் போய் ஜமாபந்தி பார்ப்பார்கள். மாந்தோப்பு, புளியந்தோப்பு என்று நல்ல நிழலாகத் தேடிக் கூடாரம் அடிப்பார்கள். மேஜை, நாற்காலி, கணக்குப் புத்தகம் எல்லாம் மாட்டுவண்டியில் பின்னாலேயே வரும்.

காட்டு இலாகா அதிகாரிக்கோ பாதி வேலையே கேம்ப்தான். மரங்களை எண்ண வேண்டும், குறி போட வேண்டும், வெட்டியதை யானை கட்டி இழுத்து வெளியேற்ற வேண்டும். மலைகளில் பழைய வன பங்களாக்கள் எழுந்தது இந்த வேலைக்காகத்தான். டாப்சிலிப் பக்கத்திலுள்ள கோழிகமுத்தி யானைகள் முகாமையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அங்கே யானைக்கு உணவூட்டுவதைப் பார்க்கப் போகிறோம். ஒரு காலத்தில் இந்த மலையின் முகாம் யானைகளுக்குச் சோறு போட்டது மரம் இழுக்கும் வேலை.

ஆக, மலைக்கு முதலில் கேம்ப் போனவர்கள் நிழலைத் தேடிப் போகவில்லை. நிழல் தருகிற மரத்தைத் தேடிப் போனார்கள்.

கப்பலுக்குப் போன காடு

ஐரோப்பாவில் நெப்போலியன் போர் நடந்த காலம். இங்கிலாந்தின் கடற்படைக்குக் கப்பல் கட்ட ஓக் மரம் போதவில்லை. மலபார்த் தேக்கின் மீது கண் விழுந்தது. 1806-இல் கேப்டன் வாட்சன் என்பவரைக் காடுகளின் காப்பாளராகக் கிழக்கிந்தியக் கம்பெனி நியமித்தது. பெயர்தான் காப்பாளர். வேலை என்னவென்றால், தேக்கு முழுவதும் கம்பெனிக்கே என்ற ஏகபோகத்தை நடத்துவது. காட்டுச் சொந்தக்காரர்களும் மர வியாபாரிகளும் கொதித்துப் போனார்கள். கடைசியில் சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1823-இல் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்.

அந்தத் தேக்கு எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டுமா? 1817-இல் பம்பாயில் தேக்கில் கட்டி இறக்கிய ஒரு போர்க்கப்பல் இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது. அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கப்பலின் பெயர் என்ன தெரியுமா? 'டிரிங்கோமலி'. நம் திருகோணமலைதான்! இருநூறு வருஷம் தாண்டியும் உப்புத் தண்ணீரில் நிற்கிற மரம் என்றால் அதற்கு எவ்வளவு போட்டி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மலபாரில் எளிதாக எட்டுகிற மரம் குறையக் குறையக் கோடரி ஆனைமலைக்கு ஏறியது. 1848 வாக்கில் மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியின் பொறுப்பில் இங்கே ஒழுங்கான வெட்டு தொடங்கியது. ஆனால் மலைமேலே வெட்டிய மரத்தைக் கீழே கொண்டுவருவது எப்படி? ரோடு கிடையாது. யானைகள் மரங்களை மலை விளிம்பு வரை இழுத்து வரும். அங்கிருந்து சரிவில் வழுக்கி விடுவார்கள். வழுக்கி விடுகிற இடத்துக்கு ஆங்கிலத்தில் 'சிலிப்'. மேலே இருந்த சிலிப், டாப் சிலிப். அவ்வளவுதான் பெயர்க் காரணம். இன்று நாம் ஆசையாய்ச் சொல்கிற பெயர், மலையை விட்டு மரம் வெளியேறிய வாசலின் பெயர்.

கப்பலுக்குப் பிறகு ரயில் வந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்கு ஓடியது. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்கு மரம் வேண்டும். எரிப்பதற்கும் விறகு வேண்டும். அதே 1856-இல்தான் சென்னை மாகாணக் காட்டு இலாகா ஏற்பட்டு, கிளெக்ஹார்ன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் அதன் தலைவரானார். பிறகு 1882-இல் சென்னை வனச்சட்டம் வந்தது. காடு 'ரிசர்வ்' ஆயிற்று. மலையின் அந்தப் பக்கம் கொச்சி சமஸ்தானம் பரம்பிக்குளத்து மரங்களை இறக்குவதற்காகவே ஒரு டிராம் பாதை போட்டு 1907-இல் ஓட்டியது. நாலா பக்கமும் மரம் இறங்கிக்கொண்டே இருந்தது.

அசலும் வட்டியும்

இப்படியே போனால் என்ன ஆகும் என்று முதலில் பயந்தவர்களும் மரம் வேண்டியவர்களே. 1713-இலேயே ஜெர்மனியின் சாக்சனியில் கார்லோவிட்ஸ் என்ற சுரங்க நிர்வாகி இதைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார். வெள்ளிச் சுரங்கத்துக்கு மரம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற கவலை அவருக்கு. வளர்கிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்பது அந்தச் சிந்தனையின் சாரம். நம் பாஷையில் சொன்னால், காடு அசல். வருஷா வருஷம் வளர்வது வட்டி. வட்டியைச் சாப்பிடலாம், அசலில் கை வைக்கக் கூடாது. 1864-இல் இந்தியக் காட்டு இலாகாவின் முதல் தலைவரான பிராண்டிஸும் ஜெர்மன்காரர்தான். அந்தக் கணக்கு அவர் மூலமாக இங்கேயும் வந்தது.

நம் பக்கத்தில் அசலைத் திரும்பக் கட்டும் முயற்சி அதற்கும் முன்னாலேயே தொடங்கிவிட்டது. மலபார் கலெக்டர் கனோலி 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார். உலகின் முதல் தேக்குத் தோட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். ஆரம்பத்தில் விதையே முளைக்கவில்லை. தேக்கின் கொட்டை அவ்வளவு கடினம். பக்குவம் கண்டுபிடித்துத் தோட்டத்தை நிலைநிறுத்தியவர் சாத்து மேனன் என்ற உள்ளூர் அலுவலர்.

ஆனைமலைக்கு அந்தக் கணக்கைக் கொண்டுவந்தவர் ஹ்யூகோ உட். 1915 வாக்கில் இந்தப் பகுதியின் காட்டு அதிகாரியாக வந்தார். டாப்சிலிப்பில் 'மவுண்ட் ஸ்டூவர்ட்' என்ற இடத்தில் குடியிருந்தார். இந்தக் காடுகளுக்கான செயல் திட்டத்தை எழுதினார். அதில் ஒரு முக்கியமான முறை, மரத்தை வேரோடு எடுக்காமல் அடிக்கட்டையை விட்டு வெட்டுவது. கரும்பில் மறுதாம்பு விடுகிறோமே, கிட்டத்தட்ட அதே மாதிரி. கட்டையிலிருந்து துளிர்கள் வரும். நல்லதாக ஒன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கழித்துவிட்டால் அது மரமாகும். அடியில் வேர் ஏற்கனவே இருப்பதால் வளர்ச்சியும் வேகம்.

உட் துரையைப் பற்றி டாப்சிலிப்பில் எல்லோரும் சொல்கிற கதை ஒன்று உண்டு. நடக்கும்போதெல்லாம் சட்டைப் பையில் தேக்கு விதை வைத்திருப்பாராம். கைத்தடியால் மண்ணில் ஒரு குத்து, குழியில் ஒரு விதை. அப்படியே நடந்துகொண்டே போவாராம். 1933 டிசம்பரில் அவர் குன்னூரில் காலமானார். அவர் விருப்பப்படி டாப்சிலிப்பில், தேக்குகளுக்கு நடுவே அடக்கம் செய்தார்கள். கல்லறையில் லத்தீனில் எழுதியிருப்பதன் பொருள்: என்னைப் பார்க்க வேண்டுமென்றால் சுற்றிலும் பார். போனால் அந்த இடத்தில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள். நிற்கத் தக்க இடம்தான்.

பேரேட்டில் ஏறாத பெயர்கள்

இங்கேதான் என் கணக்குப் புத்தி லேசாகக் குறுக்கே வருகிறது. ஒரே ஆள், ஒரு கைத்தடி, இவ்வளவு பெரிய காடா? விதையே சரியாக முளைக்காத மரம் என்று நிலம்பூரிலேயே பார்த்தோம். தேக்குத் தோட்டம் என்றால் நிலம் திருத்த ஆள் வேண்டும். களை எடுக்க, துளிர் கழிக்க, தீ பிடிக்காமல் காவல் இருக்க, யானை ஓட்ட ஆள் வேண்டும். பல பத்து வருஷ வேலை இது. மலசர்கள் யானைகளோடு வாழ்ந்தவர்கள். இன்றைக்கும் ஆனைமலை முகாம்களில் பாகன்கள், காவடிகள் பலர் அந்தச் சமூகத்தவரே. காடர்கள் வழிகாட்டினார்கள், தேனும் கிழங்கும் மருந்துச் சரக்கும் சேகரித்தார்கள். இவர்களோடு மலைமலசர், முதுவர், புலையர், இரவாளர் என்று ஆனைமலையில் ஆறு பழங்குடிகள் இருக்கிறார்கள். ஒருவர் பெயராவது கல்லில் இருக்கிறதா?

பெயர் போனால் போகட்டும், இடமாவது மிஞ்சியதா? காடு ரிசர்வ் ஆனபோது அவர்கள் வீடு சர்க்கார் நிலமாயிற்று. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1976-இல் ஆனைமலை சரணாலயம், 1989-இல் தேசியப் பூங்கா, 2007-இல் புலிகள் காப்பகம் என்று ஒவ்வொரு அடுக்காக ஏறியது. வன உரிமைச் சட்டம் வந்தது 2006-இல்தான். 2019 பெருமழையில் வால்பாறைப் பக்கம் கல்லார் என்ற காடர் குடியிருப்பு சேதமானது. அருகிலேயே தெப்பக்குளமேட்டில் குடியேற இடம் கேட்டு அவர்கள் போராட வேண்டியிருந்தது. 2021-இல் உரிமைப் பட்டா கிடைத்தது. 'காடர்' என்று காட்டையே பெயராக வைத்திருப்பவர்கள் காட்டில் இருக்க மனு போட வேண்டியிருந்தது! நமக்கோ அங்கே ஒரு ராத்திரி தங்க முன்பதிவு செய்தால் போதும்.

தேக்கு நிழலா, சோலை நிழலா?

இன்னொரு விஷயம். மார்ச் மாதம் டாப்சிலிப் போனவர்கள் கவனித்திருப்பார்கள். தேக்கு இலை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். நிழல் ரொம்பத் தேவைப்படுகிற நேரத்தில் தேக்கில் நிழல் இருக்காது! அப்போது நிழல் எங்கே இருக்கும் என்றால், பக்கத்திலேயே இருக்கிற கரியன் சோலையில். அது பசுமைமாறாக் காடு. கோடையிலும் தரை ஈரமாக, குளுகுளுவென்று இருக்கும். சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கும் இருவாச்சியும் வாழ்கிற இடம். 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தபோது கரியன் சோலையும் அதில் சேர்ந்தது.

அந்தச் சோலையை யார் நட்டார்கள்? எந்த இலாகாவும் இல்லை. இருவாச்சி அத்திப்பழமும் மற்ற காட்டுப் பழங்களும் தின்று, பறந்து போய் வேறு எங்கோ விதையைப் போடுகிறது. உட் துரையின் கைத்தடிக்குப் பல்லாயிரம் வருஷம் முன்னாலிருந்தே நடக்கிற விதைப்பு இது. கேரளத்தில் வாழச்சால் பக்கம் காடர்கள் இருவாச்சிக் கூடுகளைக் காவல் காக்கும் வேலையில் இருக்கிறார்கள். கூடு எந்த மரத்தில் இருக்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

தேக்குக் கணக்கில் இந்தச் சோலைக்கு விலையே கிடையாது. அசல், வட்டி என்று பார்த்தவர்கள் விற்கிற மரத்தை மட்டுமே அசல் என்று எழுதினார்கள். ஒரே மரம், ஒரே வயது, வரிசையாய் நிற்பது தோட்டம். காடு அதைவிடப் பெரிய விஷயம்.

வசூலிக்காத வரவு

அப்படியானால் உட் செய்தது வீணா? அப்படிச் சொல்ல மாட்டேன். வெட்டி முடித்துக் கிளம்புவதுதான் வழக்கம் என்றிருந்த காலத்தில், தான் பார்க்கப் போகாத ஒரு வருஷத்துக்காக மரம் வளர்த்தவர் அவர். தேக்கு முதிர அறுபது, எண்பது வருஷம் ஆகும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அவர் வளர்த்ததும் வெட்டுவதற்காகத்தான். அது அரசாங்கத்தின் வருமானக் கணக்கு. அவர் வைத்த மரம் இன்று நமக்கு நிழலாக நிற்கிறது என்றால், பின்னால் வந்தவர்கள் "இந்த வரவை வசூலிக்க வேண்டாம்" என்று முடிவு செய்ததால் நிற்கிறது. 1976-இன் சரணாலய அறிவிப்பு அப்படி ஒரு முடிவு. 1996 டிசம்பரில் கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் காடு வெட்டுக்குக் கடிவாளம் போட்டது இன்னொன்று. கூடலூர்க் காடுகள் அழிவதைப் பொறுக்காமல் அந்த வழக்கைப் போட்ட கோதவர்மன் திருமுல்பாடு எந்த ஊர்க்காரர் தெரியுமா? நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்தவர். தேக்குத் தோட்டம் பிறந்த அதே நிலம்பூர்!

நடுவது பாதி வேலை என்றால், வெட்டாமல் விடுவது மீதிப் பாதி.

இதை எழுத எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், நான் குன்றாண்டார்கோவில் பக்கத்துக்காரன். எங்கள் ஊருக்குப் பெயர் தந்ததே பாறையைக் குடைந்து எடுத்த எட்டாம் நூற்றாண்டுக் கோயில். முன்னால் குதிரைகள் இழுக்கிற தேர் மாதிரி பிற்காலத்து மண்டபம். வெயில் காலத்தில் வந்தவர்கள் உள்ளே நுழைந்ததும் "அப்பாடா" என்று சொல்வார்கள். கல்லைக் குடைந்தாவது நிழல் தேட வேண்டிய பூமி எங்களுடையது. இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் தைலமரம் நிற்கிறது. 1974-இல் ஏற்பட்ட தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் வளர்ப்பது; காகித ஆலைக்குக் கூழ் மரமாகப் போவது. சில வருஷத்துக்கு ஒருமுறை வெட்டு. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர். ஆம், உட் கையாண்ட அதே மறுதாம்பு முறைதான்! ஆனால் அதன் அடியில் யாராவது கேம்ப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? உட்கார நிழல் இருக்காது. குளத்துக்கு வருகிற தண்ணீரைத் தைலமரக் காடு தடுத்துவிடுகிறது என்று விவசாயிகள் வருஷக்கணக்காகப் போராடி வருகிறார்கள்.

முறை ஒன்றுதான். எதற்காக வளர்க்கிறோம், எப்போது கையை எடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். ஒரு மலையில் மரம் நூறு வருஷம் நின்று நிழலாயிற்று. எங்கள் பொட்டலில் மரம் நிழலாவதற்குள் காகிதமாகிவிடுகிறது. எங்கள் பக்கத்திலும் ஏதாவது ஒரு குன்றடியில், ஒரு நூறு ஏக்கரில், தைலத்தை எடுத்துவிட்டு வேம்பும் இலுப்பையும் உசிலையும் வைத்து, "இதை வசூலிக்க மாட்டோம்" என்று ஒரு தலைமுறை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அறுபது வருஷம் கழித்துப் பசங்கள் அங்கே கேம்ப் வந்து "இயற்கைன்னா இதுதான்டா" என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்!

அடுத்த முறை டாப்சிலிப் போனால் உட் துரையின் கல்லறையைப் பார்த்துவிட்டுக் கரியன் சோலைப் பக்கமும் போங்கள். வனத்துறை ஏற்பாட்டில், உள்ளூர்ப் பழங்குடி வழிகாட்டி ஒருவரோடு. போகும்போது அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், பாட்டுச் சத்தம் வேண்டாம்.

உங்கள் ஊரில் இப்படி யாரோ வைத்து, யாரோ வெட்டாமல் விட்ட நிழல் இருந்தால் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன். அடுத்த பதிவில் சந்திப்போம்!